திருத்த வந்தவன்

மழை வரும் என்று அன்று யாருமே சொல்லவில்லை. அதனால்தான் அந்தச் சின்ன ஜெராக்ஸ் கடைக்குள் அத்தனை பேர் ஒதுங்கியிருந்தார்கள். ஈரத் தோள்கள், சொட்டும் குடைகள், நடுவில் வெதுவெதுவென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்த ஒரு நகல் இயந்திரம்...

அவள் கையில் ஒரே ஒரு தாள். மறுநாள் வகுப்புக்கான பயிற்சி. அதைக் கடைக்காரரின் மேசையில் வைத்த நேரம் பார்த்துக் கைப்பேசி அழைத்தது.

"அம்மா... கேக்குதா? ஆமாம்மா, மழைதான்... இல்லம்மா, நனையல. ஒரு சொட்டுகூட நனையல!"

பேசிக்கொண்டே வாசல் பக்கம் நகர்ந்தாள். பின்னலின் நுனியிலிருந்து தண்ணீர் தாரையாக இறங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் நின்றவன் சிரிப்பை அடக்கப் பார்த்தான். முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டான். மடிக்கணினியை மழையிலிருந்து காப்பாற்றச் சட்டைக்குள் திணித்திருந்ததால், ஒல்லியான அவனுக்குச் சதுரமாய் ஒரு தொப்பை முளைத்திருந்தது. திருப்பிய முகம் மேசைக்கு நேராக வந்தது. மேசையில் அந்தத் தாள்.

பிறத்தியார் தாளைப் படிக்கக் கூடாதுதான். ஆனால் அதில் இருந்தது ஒரு நிரல்... கணினி என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்லும் கட்டளைகள். அவனுக்கு நிரல் எழுதுவதே பிழைப்பு. சுவரில் கோணலாகத் தொங்கும் படத்தைக் கண்டால் சிலருக்குக் கை பரபரக்குமே, அப்படி ஆகிவிட்டது.

'பத்து அடி போ. வலப்பக்கம் திரும்பு. இதை மூன்று முறை செய்.'

கீழே, 'இந்த நிரல் ஒரு சதுரம் வரையும்' என்று எழுதியிருந்தது.

எங்கே வரையும்? சதுரத்துக்கு நாலு பக்கம். மூன்று முறையோடு நிறுத்தினால் ஒரு பக்கம் திறந்தே கிடக்கும். பாவம், அவசரத்தில் எழுதியிருப்பாள்... கடைக்காரரின் பேனாவை எடுத்தான். 'மூன்று' என்பதை அடித்துவிட்டு, மேலே 'நான்கு' என்று முத்து முத்தாக எழுதினான். கடைக்காரர் தாளை வாங்கி இயந்திரத்தில் வைத்தார். கண்ணாடிக்கு அடியில் ஒரு வெளிச்சக் கோடு மெல்ல ஊர்ந்து போனது.

அவள் திரும்பி வந்தாள்.

கண்கள்... எதையோ கண்டுபிடிக்கப் போகிறவளுக்கு இருப்பது போல, கொஞ்சம் கூடுதலாகவே விரிந்த கண்கள். இமை முடியில் ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

'உங்கள் நிரலில் ஒரு பிழை இருந்தது' என்று சொல்லத்தான் அவன் வாயெடுத்தான். வந்தது வேறு.

"மழை... இப்ப விட்டுடும்னு நினைக்கிறேன்."

சொல்லி வாய் மூடவில்லை, தகரக் கூரை அதிர அடுத்த மழை கொட்டியது.

"நல்லா நினைச்சீங்க!" என்று சிரித்தாள் அவள். அந்தத் துளி விழுந்தேவிட்டது.

"மழை என் தொழில் இல்லீங்க. தொழில்ல நான் தப்பே விட மாட்டேன்."

"அப்படி என்ன தொழில்?"

"தப்பைத் திருத்துறது..."

"அய்யோ! எனக்கு அதுக்கு நேர் எதிர் தொழில்!"

அதற்குள் பேருந்து வந்துவிட்டது. நகல்களை மார்போடு அணைத்துக்கொண்டு மழைக்குள் ஓடினாள். நேர் எதிர் என்றால்...? அவன் யோசித்தபடி நின்றான். மழை விட்ட பிறகும் நின்றான்.

*

பள்ளியில் அவளுக்குத் 'தப்பு மிஸ்' என்று பெயர். பிள்ளைகள் வைத்தது. அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது.

கணினி வகுப்பில் அவள் முதலில் கணினியைத் திறக்கவே விட மாட்டாள். ஒரு நிரலைத் தாளில் கொடுப்பாள். அதற்குள் ஒரு பிழையை வேண்டுமென்றே ஒளித்து வைத்திருப்பாள். இதை ஓட்டினால் என்ன நடக்கும் என்று பிள்ளைகள் ஊகம் சொல்ல வேண்டும். பிறகு ஒருவர் எழுந்து, அறையின் சதுரத் தரைக்கற்களில், எழுதியிருக்கிற கட்டளைப்படி மட்டும் நடக்க வேண்டும். ஊகம் ஓரிடத்தில் நிற்கும், கால் வேறிடத்தில் நிற்கும். அப்போது வகுப்பில் "அட...!" என்று ஒரு சத்தம் எழும். அந்தச் சத்தத்துக்காகவே அவள் இந்த வேலைக்கு வந்தாள் என்று சொன்னாலும் தப்பில்லை.

பிழைகளை அவள் அலங்கோலமாக வைத்திருக்கவில்லை. முதலில், ஒன்று குறைந்துபோகும் பிழைகள். பிறகு, முன்னால் செய்ய வேண்டியதைப் பின்னால் செய்யும் பிழைகள். அப்புறம், எப்போது நிறுத்துவது என்று தெரியாத பிழைகள். ஆண்டின் கடைசியில், எல்லா நாளும் ஒழுங்காக ஓடி ஏதோ ஒரு நாள் மட்டும் கவிழ்த்துவிடும் பிழைகள். ஒரு பிழை புரிந்தால்தான் அடுத்ததைப் புரிந்துகொள்ள முடியும். வருஷக்கணக்கில் அடுக்கிய அடுக்கு அது.

அன்று காலை 'அட' வரவில்லை.

"மிஸ், முடிச்சாச்சு!"

"அதுக்குள்ளயா?"

"இதுல தப்பே இல்ல மிஸ். யாரோ 'நான்கு'ன்னு திருத்தியிருக்காங்க. கையெழுத்து நல்லா இருக்கு மிஸ்!"

அவள் ஒரு தாளை வாங்கிப் பார்த்தாள். இன்னொன்றை வாங்கினாள். எல்லாத் தாளிலும் அதே அடித்தல், அதே முத்து முத்தான 'நான்கு'. யார்...? சதுரத் தொப்பை ஒன்று மனதில் மின்னி மறைந்தது.

அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு தலைமையாசிரியை வந்தார். அவருக்குப் பின்னால், இன்று தொப்பை இல்லாமல்...

"நீங்களா!" என்றாள் அவள்.

"அட, நீங்களா!" அவன் முகம் மலர்ந்தே போனது. கண்கள் அவள் கையிலிருந்த தாளுக்குத் தாவின. "பாத்துட்டீங்களா? ஒரு சின்னத் தப்பு இருந்துச்சு. நான்தான் சரி பண்ணினேன்."

முன்வரிசையில் யாரோ, "போச்சு... மாட்டினார்," என்றார்கள்.

"ஒரு வாரப் பாடத்தை ஒரே வார்த்தையில கெடுத்துட்டு, சரி பண்ணினேன்னு வேற சொல்றீங்களா?"

"கெடுத்தேனா? சதுரத்துக்கு நாலு பக்கம்தானேங்க..."

"அது எனக்குத் தெரியாதா? அதை அவங்க கண்டுபிடிக்கணும். நீங்க யாரு குறுக்க?"

தலைமையாசிரியை இருமினார். "அவர் யாருன்னு நான் சொல்றேன். நாம வாங்கியிருக்கிற புது மென்பொருளை இங்க பொருத்த வந்திருக்கார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழு உங்க வகுப்பைப் பாக்க வருது, மிஸ். அதுக்குள்ள உங்க பாடமெல்லாம் இந்த மென்பொருளுக்குள்ள ஓடினா, உங்க பாடத்தையே வெச்சுக்கலாம். ஓடலைன்னா, அதுலயே ரெடியா பாடங்கள் இருக்கு. அதுக்கு மாறிடுவோம். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

எனக்கு இரண்டும் ஒன்றில்லையே... என்று அவள் நினைத்தாள். கையிலிருந்த தாள் கசங்கியது.

*

சாயங்காலம், பிள்ளைகள் போன பிறகு, அவன் மென்பொருளைத் திறந்து காட்டினான். வண்ண வண்ணக் கட்டைகள். ஒவ்வொரு கட்டையும் ஒரு கட்டளை. இழுத்து ஒன்றோடொன்று கோத்தால் நிரல். அழகாகத்தான் இருந்தது. ஒப்புக்கொள்ளத்தான் அவளுக்கு மனசு வரவில்லை.

"இப்ப உங்க சதுரத்தைப் போடறேன். பழைய மாதிரியே, மூணு முறை..."

போட்டதுதான் தாமதம். திரையின் மூலையிலிருந்து ஒரு பச்சைக் கிளி குதித்து வந்தது. "ஹை! இங்கே நாலு வரணும். நானே மாத்திடறேன்!" மூன்று நான்காயிற்று. ஒரு நட்சத்திரம் சுழன்று விழுந்தது.

அவள் கிளியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"இது உங்களுக்கு உறவா?"

"எது?"

"இந்தக் கிளி. நேத்து ஜெராக்ஸ் கடையில பார்த்த மாதிரியே இருக்கு."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "உறவுதான். எங்க அக்கா உருவாக்கினது. கம்பெனியே அக்காவோடதுதான்... நான் சும்மா கூலிக்காரன்."

"இந்தக் கிளி இருக்கற வரைக்கும் என் பாடம் இதுக்குள்ள ஓடாது. நான் ஒளிச்சு வைக்கிறதை எல்லாம் இது எடுத்து நீட்டிடும்."

"அப்படி அந்தத் தப்புல என்னதாங்க இருக்கு?" கிண்டலாகக் கேட்கவில்லை. எப்படி வேலை செய்கிறது என்று தெரியாத ஒரு பொருளைக் கண்டவனின் ஆசையோடு கேட்டான்.

அந்த ஆசை அவளை என்னவோ செய்தது. நாற்காலியை ஒதுக்கித் தள்ளினாள்.

"சொன்னாப் புரியாது. இங்க வந்து நில்லுங்க. இந்தக் கல்லு மேல. முதல்ல என்கிட்ட ஸ்டூடன்ட்டா சேருங்க, அப்புறம் என் பாடத்தைப் பொருத்தலாம்."

"ஃபீஸ் உண்டா மிஸ்?"

"வாயை மூடிட்டு நடக்கணும். அதான் ஃபீஸ்."

அவன் நடந்தான். திரும்பினான். நடந்தான். மூன்றாவது திருப்பத்தில் நின்றவன், தான் கிளம்பிய கல்லைப் பார்த்தான். அது எட்டாத தூரத்தில், ஒரு பக்கம் முழுக்கத் தள்ளி இருந்தது. தெரிந்த விடைதான். ஆனால் கால்கள் அதை இப்போதுதான் தெரிந்துகொண்டன.

"அட..." என்றான்.

அவள் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பு அவனுக்குத் தெரியக் கூடாது.

*

அதற்குப் பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் அந்த அறையில் விளக்கு எரிந்தது. பகலில் வேறு பள்ளிகளில் வேலை முடித்துவிட்டு, தலை கலைந்து, ஓட்டமும் நடையுமாக அவன் வருவான். அவள் ஒரு பயிற்சி கொடுப்பாள். அவன் நடப்பான், தோற்பான், எந்தத் தப்பு எதைக் கற்றுக்கொடுக்கிறது என்று கேட்பான். பிறகு அதைக் கட்டைகளாகக் கோத்து மென்பொருளுக்குள் ஏற்றுவான். தான் திருத்திக்கொண்டே வளர்ந்த தப்புகளை, இப்போது ஒவ்வொன்றாகப் பத்திரமாக உள்ளே வைத்தான்.

ஒரு நாள் தோட்டப் பயிற்சி. 'செடியைப் பார். மண் காய்ந்திருந்தால் தண்ணீர் ஊற்று. ஊற்றிக்கொண்டே இரு.'

"செடி எங்க?" என்றான் அவன், இல்லாத வாளியைக் கையில் பிடித்தபடி.

"நான்தான்." அவள் ஒரு குட்டை நாற்காலியில் உட்கார்ந்து கைகளை இலைகளைப் போல விரித்துக்கொண்டாள்.

அவன் வந்தான். குனிந்தான். மிகுந்த மரியாதையோடு, "காஞ்சிருக்கீங்களா?" என்று கேட்டான்.

"ஆமா..."

அவன் ஊற்றினான். ஊற்றினான். ஜன்னலுக்கு வெளியே நிஜ மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடியில் வழிந்த நீரின் நிழல் அவள் முகத்தில் நெளிந்து இறங்கியது. அவன் வாளியை மறந்து நின்றான்.

"செடி அழுகிப்போச்சு," என்றாள் அவள் மெதுவாக.

"ஏன்? நான் ஒழுங்காத்தானே ஊத்தினேன்..."

"ஒரே ஒரு தடவைதான் கேட்டீங்க, காஞ்சிருக்கியான்னு. அப்புறம் கேக்கவே இல்லையே..."

அவள் நிரலைத்தான் சொன்னாள். சுற்றிச் சுற்றி வரும் கட்டளை, ஒவ்வொரு சுற்றிலும் நிலைமை என்ன என்று மறுபடி கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்காவிட்டால் அதற்கு நிற்கத் தெரியாது. அவ்வளவுதான் பாடம். ஆனால் சொல்லி முடித்ததும், விரித்திருந்த இலைக் கைகளை அவள் மெல்ல மடியில் வைத்துக்கொண்டாள்.

"இனிமே கேக்கறேன்," என்றான் அவன். எதைச் சொன்னான் என்று அவள் கேட்கவில்லை.

அன்றிரவு வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவள் தட்டைப் பார்த்துச் சிரித்தாள். "என்னடி, தட்டுல என்ன ஜோக்கு?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா. செடி ஒண்ணு..."

"செடியா? நல்லாத்தான் போகுது உன் கம்ப்யூட்டர் பாடம்!"

*

அவன்தான் அந்த வழியைக் கண்டுபிடித்தான். 'ஓட்டு' என்ற பொத்தானுக்கு முன்னால் ஒரு சின்னக் கட்டம். 'என்ன நடக்கும் என்று நினைக்கிறாய்?' என்று அது கேட்கும். ஊகத்தை எழுதாமல் நிரல் ஓடாது. எழுதினால், திரையில் ஒரு குட்டி உருவம் கட்டளைப்படி நடந்து காட்டும். அவள் தரைக்கற்களில் செய்ததை அவன் கண்ணாடிக்குள் செய்திருந்தான்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் வகுப்பை இவ்வளவு உன்னிப்பாக வேறு யாரும் பார்த்ததில்லை.

"ரொம்ப நல்லா இருக்கு... கிளியை எப்ப தூங்க வைப்பீங்க?"

"நாளைக்கு," என்றான்.

மறுநாளும் 'நாளைக்கு'. அதற்கு மறுநாளும். வெள்ளிக்கிழமைக்கு முந்திய புதன்கிழமை அவள் பொறுமையிழந்தாள்.

"எத்தனை நாளைக்கு? இன்னைக்கு நான் பாக்காம போக மாட்டேன்."

அவன் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"என்னால முடியாது. கிளி மென்பொருளோட உயிர்லயே இருக்கு. அதை நிறுத்தற உரிமை அக்காகிட்ட மட்டும்தான் இருக்கு. எத்தனையோ பள்ளிக்கூடம் கேட்டுட்டாங்க. அக்கா யாருக்கும் ஒத்துக்கலை."

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"முதல் நாளே."

"முதல் நாளே..." அவள் அந்தச் சொற்களைத் திருப்பிச் சொன்னாள். முகத்தில் இருந்த வெளிச்சமெல்லாம் உள்ளே போய்விட்டது. "தெரிஞ்சுக்கிட்டே என்னை இத்தனை நாள் நம்ப வெச்சீங்களா? வருஷக்கணக்கா சேத்த பாடம் சார் இது. வெள்ளிக்கிழமை போயிடும்."

அவள் 'சார்' என்றது அவனுக்குக் கத்தியாய் இறங்கியது.

"அக்காகிட்ட எப்படியும் பேசி..."

"வேண்டாம். யார்கிட்டயும் எனக்காகக் கெஞ்ச வேண்டாம். போயிட்டு வாங்க."

அவன் போனான். அவள் வெகுநேரம் அந்தக் குட்டை நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். கோபம் பாடத்துக்காக மட்டும்தானா... அந்தக் கேள்விக்கு அவளிடம் ஊகம்கூட இல்லை.

*

வீட்டில் அக்கா ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"தூங்க வைக்கணுமா? என் கிளியையா? எதுக்குடா?"

"பிள்ளைங்க முதல்ல தப்பு பண்ணட்டும்கா. அப்பதான்..."

"தப்பு பண்ணினா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்." அக்காவின் விரல்கள் நின்றன. "பள்ளிக்கூடத்துல ஒரு தடவை என் திரை முழுக்கச் சிவப்பு எழுத்து வந்துச்சு. எங்க வாத்தியார் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தி, பாருங்க இந்தம்மா பண்ணின கூத்தைன்னாரு. வகுப்பே சிரிச்சுது. அதுக்கப்புறம் எவ்வளவோ வருஷம் நான் கணினியைத் தொடவே இல்ல. யாரும் பாக்கறதுக்கு முன்னாடி தப்பைச் சரி பண்ணிடணும்... அதுக்காகத்தான் கிளி."

இது அவனுக்கே புதிது. இத்தனை நாள் அது ஒரு கவர்ச்சி என்றுதான் நினைத்திருந்தான். அவன் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அக்கா, நீ அவங்க வகுப்பை ஒரே ஒரு தடவை வந்து பாரு. பாத்துட்டு முடியாதுன்னு சொல்லு, நான் வாயே திறக்க மாட்டேன்."

"யாருடா அந்த 'அவங்க'? சொல்லும்போதே குரல் குழையுது?"

"அக்கா!"

"சரி சரி, காது சிவக்குது பாரு. நாளைக்கு வர்றேன். கிளிக்காக வர்றேன், உனக்காக இல்ல."

*

வியாழக்கிழமை வகுப்பில், கடைசி வரிசையில் ஒரு புதுப் பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. அதே மூக்கு, அதே ஆசையுள்ள கண்கள். கதவோரத்தில் அவன், குற்றவாளி போல.

கெஞ்ச வேண்டாம் என்றேனே... கோபம் பொங்கியது. ஆனால் எதிரே பிள்ளைகள். பாடத்தைத் தொடங்கினாள்.

முதலில் திரையில். கடைசி வரிசைச் சிறுமி ஒருத்தி, வகுப்பில் வாயே திறக்காதவள், ஊகக் கட்டத்தில் இரண்டு சொற்கள் எழுதினாள். மூன்றாவது சொல்லுக்கு முன் கிளி குதித்துத் திருத்திவிட்டது. நட்சத்திரம் விழுந்தது. சிறுமி கையை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் செய்வதற்கு ஒன்றுமில்லை.

பக்கத்திலிருந்த அக்கா அந்தக் கைகளையே பார்த்தாள்.

பிறகு தரையில். "யாரு நடக்கறீங்க?" என்றதும் ஏகப்பட்ட கைகள். ஒரு பையன் நடந்தான், கட்டளைப்படியே போய் அலமாரியில் முட்டிக்கொண்டு நின்றான். "அட...!" என்று வகுப்பு கூவியது. அக்காவின் முகம் இறுகியது. இதோ சிரிக்கப் போகிறார்கள்...

சிரித்தார்கள்தான். அலமாரியில் முட்டியவனும் சேர்ந்தே சிரித்தான்.

"மிஸ், என் ஊகம் இதைவிட மோசம்! நான் ஜன்னல் வழியா வெளிய போயிடுவான்னு நினைச்சேன்!"

"என்னோடது அதைவிட மோசம் மிஸ்!"

யார் ஊகம் அதிகம் தப்பு என்று போட்டியே நடந்தது. அந்தச் சத்தத்துக்குள், பிள்ளைகள் யாரும் கவனிக்காத நேரம், கடைசி வரிசைச் சிறுமி அக்காவின் பக்கம் சாய்ந்து, "நான் எழுதினதும் தப்புதான். நிரல்ல திரும்பறதுக்கு முன்னாடியே நடக்கச் சொல்லிட்டாங்க, அதான்," என்று காதோடு சொன்னாள்.

வகுப்பு முடிந்ததும் அக்கா 'தப்பு மிஸ்'ஸிடம் வந்தாள். கண்கள் ஈரமாக இருந்தன.

"எனக்கு அப்ப நீங்க டீச்சரா இருந்திருக்கலாம்..."

அவள் சண்டைக்குத் தயாராக வைத்திருந்த சொற்களெல்லாம் கரைந்துவிட்டன. "நீங்க நினைக்கற அளவுக்கு நான் ஒண்ணும் ஒழுங்கு இல்லீங்க. அந்தப் பொண்ணு உங்க காதுல பேசினா. என்கிட்ட இந்த வருஷம் முழுக்கப் பேசினதில்ல. கை தூக்காத பிள்ளைங்களை எப்படித் தொடறதுன்னு எனக்குத் தெரியல... அவங்களுக்கு ரகசியமா கேக்க ஒருத்தர் வேணும். கிளி இருக்கட்டும். ஆனா, கூப்பிட்டா மட்டும் வரட்டும்."

அக்கா அங்கேயே, குட்டை மேசையில் மடிக்கணினியைத் திறந்தாள். "டேய், அங்க என்ன தூண் மாதிரி நிக்கறே? வா, கூட உக்காரு."

மாலைக்குள் கிளி மூலையில் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டது. தட்டினால் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து, "எங்கே சந்தேகம்?" என்று கேட்டது. விடையைச் சொல்லவில்லை. அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவள் கிளியை மட்டும் பார்த்தாள்.

*

வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழுவினர் வந்தார்கள். அவர்களில் மிகவும் விறைப்பாக இருந்தவரே தரைக்கற்களில் நடந்து, அலமாரியில் முட்டி, 'அட' என்றார். "உங்க பாடத்தையே வெச்சுக்கலாம் மிஸ்," என்றார் தலைமையாசிரியை. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் என்று இந்த முறை சொல்லவில்லை.

மழை தூறிக்கொண்டிருந்தது. பள்ளி முகப்பின் தூணோரம் அவன் நின்றான். வெளியே காருக்குள் அக்கா காத்திருந்தாள். பள்ளிக்குள்ளிருந்து அவள் படியிறங்கி வந்தாள்.

"வேலை முடிஞ்சுதுன்னு கையெழுத்து வாங்கியாச்சு," என்றான். "இனிமே நான் வர வேண்டியதில்லையாம்."

"ம்..."

"போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். அக்காவைப் பத்தி முதல் நாளே சொல்லியிருந்தா, நீங்க அன்னைக்கே நேரா அக்காகிட்ட பேசியிருப்பீங்க. ரெண்டே நாள்ல எல்லாம் முடிஞ்சிருக்கும். அப்புறம் எனக்குச் சாயங்காலம் வர..." அவன் நிறுத்தினான். "அது தப்பு. உங்க பாடத்தைப் பணயம் வெச்ச தப்பு. மன்னிச்சுடுங்க."

அவள் தூணில் வழிந்த நீரை விரலால் தொட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கோவமா?"

"கோவப்பட எனக்கு யோக்கியதை இல்ல."

"ஏங்க அப்படிச் சொல்றீங்க?"

"செவ்வாய்க்கிழமை உங்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தேனே. தெருவிளக்கு ஒவ்வொண்ணா எரியற மாதிரி..."

"அய்யோ, அதைக் கேக்காதீங்க! அன்னையிலேர்ந்து மண்டையைக் குடையுது. நடந்து பாத்தேன், வரைஞ்சு பாத்தேன். கிளியைக்கூட எழுப்பிக் கேட்டேன். அதுவும் முழிச்சுது. தப்பு எங்க இருக்கு? அதையாவது சொல்லிட்டுப் போங்க."

"அதுல தப்பே இல்ல."

"என்னது?"

"தப்பு இருந்தா கண்டுபிடிச்சுடுவீங்க. கண்டுபிடிச்சா கிளம்பிடுவீங்க..." அவள் குரல் மழையைவிடத் தணிந்திருந்தது. "கொஞ்ச நேரம் கூட இருந்து தேடட்டுமேன்னு... தப்பில்லாத ஒண்ணை எழுதிக் கொடுத்தேன். என் பாடத்துல அப்படி ஒண்ணு கிடையாது. உங்களுக்காக மட்டும்தான்."

அவள் நிமிர்ந்தாள். விரிந்த கண்களில் பயமும் துணிச்சலும் ஒன்றாக நின்றன.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு," என்றாள்.

"எனக்கும்..." என்றான். போதவில்லை என்று தோன்றியிருக்க வேண்டும். "ரொம்ப. சொல்லத் தெரியற அளவைவிட ரொம்ப."

கார்க் கதவு திறந்தது. அக்கா குடையோடு படிக்கு வந்தாள். தம்பியின் காதைப் பார்த்தாள். அவளுடைய கன்னத்தைப் பார்த்தாள். குடையை அவள் கையில் திணித்தாள்.

"என்கிட்ட இருக்கறது இந்த ஒரு குடைதான். ரெண்டு பேரும் ஒட்டி நடந்தா நனைய மாட்டீங்க," என்று சொல்லிவிட்டு, தலையில் கையை வைத்துக்கொண்டு காருக்கு ஓடினாள்.

குடை சின்னதுதான். இரண்டு தோள்களில் ஒன்று நனைந்தே தீரும். அது யாருடையது என்று வாசல்வரை போட்டி நடந்தது. பேருந்து நிறுத்தத்தில் நின்று, அவன் சாலையைப் பார்த்தான்.

"எந்த பஸ்ஸுல போகணும்?"

அவள் குடையை அவன் பக்கம் சாய்த்தாள்.

"எது ரொம்ப லேட்டா வருமோ... அதுல."